பொருந்தாததை அடிக்கவும்

பம்மல்,
9.3.2025, ஞாயிறு.

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் குடையும் என் இருமலும் ஆண்டவர் புண்ணியத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி நின்றுகொண்டிருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. இருமல் என்றதும் நர்ஸம்மா பதற வேண்டாம், இது தாம்பரத்துத் தூசி இருமல், போன மாதம்தான் சளி டெஸ்ட் எடுத்தேன், சுத்தம். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் என்ன கேடு என்று கேட்பாய். போனில் பேசினால் என் குரல் நடுங்குவது உனக்குத் தெரிந்துவிடும், நீ அந்த நினைப்பிலேயே யாருக்காவது ஊசியை மாற்றிப் போட்டுவிடுவாய். எழுத்து நடுங்கினால் பேனா சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். உன்னோடு வேலை பார்க்கும் கெசியா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள், அவள் கையில் இதையும் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் சாப்பிடு, அப்புறம் படி.

விஷயம் இதுதான். உன் பெரியப்பா பிரிட்டோவுக்கு அகமதாபாத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு. பெரியம்மாவும் போகிறாள். எழிலையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று செங்கல்பட்டு கோர்ட்டில் அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆட்சேபணை உண்டா இல்லையா என்று கேட்டு கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. உன் தங்கைக்குப் பன்னிரண்டு வயது. போய்த் திரும்பும்போது பதினேழு. அதற்கு அடுத்த வருஷம் அவளுக்கு கோர்ட்டும் வேண்டாம், பாதுகாவலரும் வேண்டாம், நானும் வேண்டாம். அதாவது மிச்சம் இருக்கிற குழந்தைப் பருவம் முழுசும் சாம்பாரில் சர்க்கரை போடுகிற ஊருக்குப் போகிறது. ஒரு பெண் மேற்கே, ஒரு பெண் வடக்கே, நடுவில் நான் தாலுகா ஆபீஸ் வாசலில் குடை பிடித்துக்கொண்டு. எனக்கு பயமாக இருக்கிறது ஜெரூ. இதை எழுதிவிட்டேன், இனி சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

நோட்டீஸ் வந்த கதையைக் கேள். புங்கமரத்தடியில் என் மேஜைக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள், ஒருத்தருக்குப் பட்டா, ஒருத்தருக்கு ரேஷன் கார்டு. நோட்டீஸ் கொண்டுவந்து கொடுக்கிற கோர்ட் அமீனா வந்தார். வழக்கமாக விலாசம் விசாரிக்கத்தான் என்னிடம் வருவார், அன்றைக்கு என்னைப் பார்த்தே தலையைச் சொறிந்துகொண்டு, அண்ணே, இன்னா இது, உன் பேர்லயே ஒண்ணு வந்துகீது என்றார். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் நோட்டீஸ் படித்து அர்த்தம் சொல்லுகிறவன் நான். என் நோட்டீஸை என்னால் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடை கங்கம்மா எட்டிப் பார்த்து முழுசும் படித்துவிட்டு, இன்னாய்யா, சகலைக்காரன் புள்ளைய தூக்கினு போறானா, ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்கிறியே, உன் புள்ளைக்கு ஒண்ணு எழுத கை வரலியா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். அவள் வாயில் விழுந்தால் பல்லாவரம் வரைக்கும் இரண்டு பஸ் முன்னாலேயே செய்தி போய்விடும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு அம்மாள் புருஷனுடைய இறப்புச் சான்றிதழுக்கு வந்தார், செத்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அந்த அம்மாள் பெயரையே எழுதிவிட்டேன். நான் இன்னும் உசிரோடதான் கீறேன் சார் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

பழைய கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது நர்சிங் ஹாஸ்டலில் இருந்தாய். உன் அம்மா தவறிப்போன நாலாம் மாதம் எனக்கு டி.பி. என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எழிலுக்கு நாலு வயது. பெரியம்மாதான் கூடுவாஞ்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ஊசி போட, கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும் அல்லவா. உன் பெரியப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார், கரண்ட் பில்லைக்கூட லேமினேட் பண்ணி வைக்கிற ஆள், முறைப்படி கோர்ட்டுக்கே போய் பாதுகாவலர் உத்தரவு வாங்கிவிட்டார். அதற்கு நான் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, முகமூடி போட்டுக்கொண்டு, மூன்று பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் மூன்று இடத்தில் கையெழுத்து. என்னிடம் வருகிற ஒவ்வொருத்தரிடமும் படிக்காமல் போடாதேய்யா என்று பாடம் நடத்துகிற மகான் போட்ட கையெழுத்து அது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தேறி வந்த பிறகு என்ன செய்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. கோர்ட் முத்திரை போட்ட பிறகு நான் அப்பா இல்லை போலிருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வக்கீல் வைத்தீஸ்வரன் என் மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், தினமும் இரண்டு டீ சேர்ந்து குடிக்கிறோம், எட்டு வருஷத்தில் நான் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவன் தன் வீட்டு விஷயத்தைக் கேட்டால் மானம் போய்விடும் என்று ஒரு கௌரவம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடுவாஞ்சேரி போவேன், பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுவேன், விருந்தாளி மாதிரி சோபா நுனியில் உட்காருவேன், நாலு ஜோக் அடிப்பேன், அஞ்சரை ரயிலுக்குக் கிளம்பிவிடுவேன். அவளுடைய மார்க் ஷீட்டைப் பார்க்கட்டுமா என்று கேட்கக்கூட பயம், உங்களுக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டுவிட்டால்? ஒருத்தரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வைத்தீஸ்வரனிடம் போனேன். படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், திட்ட ஆரம்பித்தார். யோவ் அந்தோணிசாமி, உமக்கு அறிவிருக்கா, தத்து வேற, பாதுகாவலர் வேற. தத்துக் குடுத்தாதான்யா கை விட்டுப் போகும். பாதுகாவலர்னா கோர்ட் சார்பா குழந்தைய வளர்த்துப் பாத்துக்கறவர், அவ்வளவுதான், உம்ம அப்பா ஸ்தானத்த யாரும் பிடுங்கல. குழந்தைய கோர்ட் எல்லைய விட்டு வெளிய கூட்டிட்டுப் போகணும்னா அவர் கோர்ட்டக் கேட்டுத்தான் ஆகணும், கோர்ட் உம்மக் கேட்கும், அதான் இந்த நோட்டீஸ். போய்ப் பாக்கலாம், படிப்பு விசாரிக்கலாம், லீவுக்கு அனுப்புன்னு கேக்கலாம், நிலைமை மாறிடுச்சு, என் பொண்ண என்கிட்டயே குடுங்கன்னும் கேக்கலாம். எட்டு வருஷமா என்னய்யா பண்ணினீர் என்றார். பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டா கிடைச்சுடும்னு அர்த்தமில்ல, கோர்ட்டு உம்ம ஆசையையும் பாக்காது, உம்ம சகலை ஆசையையும் பாக்காது, குழந்தைக்கு எது நல்லதுன்னுதான் பாக்கும், பன்னெண்டு வயசாச்சு, அவளையே கூப்பிட்டுக் கேப்பாங்க என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை விசாரணை. காலையில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் போனேன், பயத்தில் இறங்கவில்லை. கோர்ட் வராண்டாவில் பெரியம்மா என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன், பக்கத்தில் வந்து, வெறும் வயித்துல மாத்திரை போட்டியா என்று கேட்டு டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தை நீட்டினாள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். வைத்தீஸ்வரன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், எதிர்க்கட்சி டிபன் பாக்ஸ்ல கை நனைக்கிற கட்சிக்காரன இன்னிக்குத்தான்யா பாக்கறேன் என்றார். பிரிட்டோ தூரத்தில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வா சகலை என்று மட்டும் சொன்னார். எழில் சீருடையிலேயே வந்திருந்தாள், பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது மாதிரி வைத்திருந்தாள், அரை மணி நேரம் பக்கம் திருப்பவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

நீதிபதி ஒரு அம்மாள். எழிலைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிஷம் இருக்கும், அந்தப் பத்து நிமிஷத்தில் உன் அம்மா போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நான் ஜெபம் முழுசும் மறந்துபோய், பரமண்டலங்களிலே இருக்கிற என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராமல் நின்றேன். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டி, இது யார் எழுதியது என்று கேட்டார். பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழிலை ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்த்தார்களே, அந்த விண்ணப்பத்தின் நகல். உன் கையெழுத்து முத்து மாதிரி இருக்குமே சகலை, நீயே நிரப்பிக் குடு என்று பிரிட்டோதான் அன்றைக்குச் சொன்னார், கூடுவாஞ்சேரி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து நிரப்பினேன். அதில் ஒரு வரி, தந்தை / பாதுகாவலர் பெயர், பொருந்தாததை அடிக்கவும் என்று இருக்கும். எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிற வரிதான், ஒரு நாளைக்கு முப்பது தடவை அடிக்கிறேன். என் தொழில் சுத்தம் உனக்குத் தெரியும், கையால் கிறுக்க மாட்டேன், ஸ்டீல் ஸ்கேலை வைத்து நேர்கோடாக ஒரே இழுப்பு. தந்தை என்கிற வார்த்தையின் மேல் அந்தக் கோடு இருந்தது ஜெரூ. கொஞ்சம்கூடக் கோணாமல்.

நான்தான் எழுதினேன் அம்மா என்றேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. உங்கள் மகள் அன்றைக்கு உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாளாம், நீங்கள் அடித்ததைப் பார்த்தாளாம் என்றார். எழில் அவரிடம் சொன்னதை அப்படியே சொன்னார். எங்க அப்பாதான் ஸ்கேல் வச்சு அவரையே அடிச்சாரு, யாரும் அவர அடிக்கச் சொல்லல. எனக்கு அகமதாபாத் புடிக்குமா புடிக்காதான்னு அப்புறமா சொல்றேன் மேடம், மொதல்ல அவருக்கு நான் வேணுமா வேணாமான்னு கேட்டு எழுதி வாங்குங்க. பன்னிரண்டு வயதுப் பெண் ஜெரூ. எழுதி வாங்குங்கள் என்கிறாள். மனு எழுதுகிறவன் மகள். எனக்கு அழுகையும் வந்தது, அந்த நேரத்திலும் பாழாய்ப்போன ஒரு பெருமையும் வந்தது. வருகிற இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதற்குள் என் பதில் மனுவை நான் தாக்கல் செய்ய வேண்டும்.

மூன்று நாளாக அந்த வெள்ளைத்தாள் என் முன்னால் கிடக்கிறது. அடுத்தவருக்கென்றால் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுப்பேன். என் பயத்தை உனக்குச் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்ல. ஆட்சேபணை இல்லை என்று எழுதினால் அவள் கண் முன்னால் இரண்டாவது கோடு போட்டவனாவேன். வேண்டும், அனுப்பாதீர்கள் என்று எழுதி, கோர்ட்டும் சரி என்று சொல்லிவிட்டால்? அதை நினைத்தால் இன்னும் அதிகமாக பயம் வருகிறது. எனக்கு இருப்பது ஒரு ரூமும் ஒரு சமையல் தடுப்பும். பெரியம்மா எட்டு வருஷம் தலை வாரிவிட்டிருக்கிறாள், போன டிசம்பரில் எழில் பெரியவளானதைக்கூட எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்கள், நான் என்ன செய்தேன் தெரியுமா, என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். நடு வழியில் மறுபடி இந்த நுரையீரல் மக்கர் பண்ணினால் பிள்ளை என்ன ஆகும்? அவளை உயிராய் வளர்த்த பெரியம்மாவிடமிருந்து பிடுங்குகிற பாவம் வேறு. ஒன்றும் தெரியாத மாதிரி ஹவுஸ் ஓனர் பொன்னியம்மாளிடம் போய், ஒருவேளை சின்னவள் வந்து தங்கினால் உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டுப் பார்த்தேன். வாடகை, தண்ணீர் என்று இழுப்பாள் என்று நினைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொம்பளப் புள்ள வரப்போவுது, அந்த பாத்ரூம் தாழ்ப்பாள் ரெண்டு வருஷமா ஆடினுகீது, நீ இன்னும் கயிறு கட்டினுகீறியே, உனக்கு எதுக்குய்யா புள்ள என்றாள். மறுநாள் காலை அவளே ஆளைக் கூட்டி வந்து புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். நேற்று முழுக்க அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன். நன்றாகத்தான் விழுகிறது.

இன்றைக்குக் காலை பூசைக்குப் போய் வந்து எழுத உட்கார்ந்தேன். விசாரணைக்குப் பிறகு வேலைக்கே போகவில்லை, இன்றைக்குத்தான் பையில் கையை விட்டேன், ஸ்கேல் இல்லை. இருபது வருஷ ஸ்கேல், ஒரு நாள் என்னை விட்டுப் பிரிந்ததில்லை. பை, மேஜை, அலமாரி எல்லாம் கவிழ்த்தேன், கோர்ட் பெஞ்சில் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். கூடுவாஞ்சேரிக்குப் போன் போட்டேன், எழில்தான் எடுத்தாள். வேறென்ன பேசுவது என்று தெரியாமல், கண்ணு, என் ஸ்கேலைப் பார்த்தியா என்று கேட்டேன். என் கிட்டதான் இருக்கு, நீங்க உள்ள போனப்ப உங்க பைலேர்ந்து எடுத்தேன், வெள்ளிக்கிழம எழுதிக் குடுத்துட்டு வாங்க, அப்புறம் தர்றேன் என்றாள். வைத்துவிட்டாள். எதற்கு எடுத்தாய் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அதனால் ஸ்கேல் இல்லாமலே எழுதிவிட்டேன். எனக்கு என் மகள் எழில் வேண்டும், என்னோடு வைத்து வளர்க்க விரும்புகிறேன் என்று முதல் வரி. அவளை எட்டு வருஷம் வளர்த்தவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அவர்களை அவள் பார்க்காமல் இருக்கக்கூடாது என்று இரண்டாவது. கோர்ட் அவளை அனுப்புவதே நல்லது என்று நினைத்தால் எல்லா லீவும் என் வீட்டில், தினம் ஒரு போன், மார்க் ஷீட் எனக்கும் ஒரு பிரதி என்று மூன்றாவது. நாலாவது வரியாக, படிவத்தில் அடித்தது என் தவறு, அவள் குறை அல்ல என்று எழுதினேன். இதெல்லாம் மனுவில் வராதுய்யா என்பார் வைத்தீஸ்வரன். இது வரும். அவள் எழுதி வாங்கச் சொன்னதில் இதுவும் சேர்த்தி. வெள்ளிக்கிழமை அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. பெரியம்மாவோடுதான் போவேன் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், விழாமல் நிற்க வேண்டும், அதற்குத்தான் நீ ஜெபிக்க வேண்டும்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதே, உன் வாய் உன் அம்மா வாய், எனக்குத் தெரியும். தயிர்சாதம் கொடுத்த கை அது. எழிலிடம் மட்டும் பேசு, அப்பாவுக்குச் சிபாரிசு பண்ணாதே, அவள் பேசுவதைக் கேள். பாரம் தூக்கும்போது குனியாதே, முட்டி மடக்கித் தூக்கு, நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஊறுகாயை எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு வெறும் பாட்டிலை நக்காதே. இருபத்தொன்றாம் தேதி இங்கே பத்தரை மணி, உங்கள் ஊரில் ஒன்பது, மறக்காமல் இரண்டு நிமிஷம் முழங்கால் போடு. நான் மறந்த மிச்ச ஜெபத்தையும் சேர்த்துச் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை பட்ட நோயாளி ஒவ்வொருவரும் எழுந்து நடப்பாராக.

இப்படிக்கு,
ஜெரூஷா, எழில் இருவருக்கும் தந்தை,
அந்தோணிசாமி.

(இந்தக் கடிதத்தில் அடித்தல் திருத்தல் ஏதும் இல்லை.)